புகார்ப் பிரிவுக்குப் புது ஆள்

மேஜைக்கு அடியில் நாய் இருக்கும் விஷயத்தை மதியம் வரையாவது மறைத்துவிடலாம் என்று குமாஸ்தா நினைத்திருந்தார். முதல் வாடிக்கையாளர் வாயைத் திறந்ததுமே அந்த நினைப்பு போயிற்று.

"உங்க மிஷின் நடக்குது சார்! நடக்குது!" என்று கத்தினார் ஒரு பெரிய மீசைக்காரர். "குளியலறைல விட்டுட்டு வந்தா கூடத்துல வந்து நிக்குது. நேத்து வாசல் வரைக்கும் வந்துடுச்சு. அதுவே கிளம்பி உங்க ஆபீசுக்கு வர்றதுக்குள்ள நான் வந்துடலாம்னு வந்தேன்!"

"புரியுதுங்க," என்றார் குமாஸ்தா.

துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகம் அது. அதில் புகார்ப் பிரிவு என்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, இந்தக் குமாஸ்தா. காலையிலிருந்து மாலை வரை யாராவது அவரைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். இதில் பைத்தியம் பிடிக்காமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, மூச்சு விடும் நேரத்துக்கெல்லாம் "புரியுதுங்க" என்று சொல்லிவிட வேண்டியது. காதுக்குள் எதையும் விடக் கூடாது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே "புரியுதுங்க" என்றுதான்.

"என்ன புரியுது உனக்கு?" என்று மீசைக்காரர் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

மேஜை அதிர்ந்தது. அடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் விழித்துக்கொண்டு வெளியே வந்தது. மேஜையைச் சுற்றிப் போய் மீசைக்காரர் எதிரில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தது.

"இது என்ன, நாயா?"

"இல்லீங்க," என்றார் குமாஸ்தா பதற்றத்தில்.

"பின்ன என்ன?"

"புரியுதுங்க," என்றார்.

மீசைக்காரர் நாயைப் பார்த்தே கத்தலைத் தொடர்ந்தார். நாய் குரைக்கவில்லை, வாலாட்டவில்லை, கொட்டாவி விடவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல், அவர் வாயைவிட்டுப் பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு கவனத்தை மீசைக்காரர் வாழ்க்கையில் கண்டதில்லை போலிருக்கிறது. அவர் குரல் மெல்ல இறங்கியது. பிறகு அவரும் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மிஷின் மேல தப்பில்லப்பா," என்றார் நாயிடம். "உள்ள போடறதுக்குத் துணியே இல்ல. பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிட்டா. நான் ஒருத்தன், ரெண்டு சட்டை. அதைப் போட்டா ஒரு பக்கமா சேர்ந்துகிட்டு மிஷின் ஆடுது. ஆடி ஆடி நடக்குது. அவ இருந்தப்ப அது அசைஞ்சதே இல்ல."

நாய் தலையை மறுபக்கம் சாய்த்தது.

மீசைக்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல ஆளுய்யா நீ," என்று நாயின் தலையைத் தடவினார். புகார் எதுவும் எழுதாமலே புறப்பட்டார். கதவருகில் திரும்பி, "மகளுக்குப் போன் பண்ணப் போறேன்," என்று நாயிடம் மட்டும் தகவல் சொல்லிவிட்டுப் போனார்.

நாய் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இந்த நாய் குமாஸ்தாவின் வாழ்க்கையில் வந்தது போன வாரம். நல்ல மழையில் தெருவோரக் கால்வாய் நிரம்பி, அதற்குள் இது மாட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு கூட்டம் நின்று சீழ்க்கை அடித்தது, "வா வா" என்றது, பிஸ்கட்டைக் காட்டியது. பயத்தில் உறைந்து போயிருந்த நாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வழியாக வந்த குமாஸ்தா எட்டிப் பார்த்தார். பின்னால் யாரோ நெருக்கியதில் பாதி தூரம் இறங்கிவிட்டார். இறங்கியது இறங்கியாயிற்று என்று மீதியையும் இறங்கி, நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கால் வேறு அதற்கு நொண்டியது.

வீட்டு வாசலில் சேறு சொட்டச் சொட்ட நின்ற இருவரையும் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் உள்ள இடம்," என்றாள்.

நாயை உள்ளே விட்டாள்.

அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். "நாள் பூரா வாயைத் திறந்து வச்சுகிட்டுப் பதில் சொல்ல முடியாதவங்ககூட இருக்கேன்," என்பாள். "வீட்டுக்கு வந்தா, வாயையே திறக்காம பதில் சொல்ற ஒருத்தர்!" அதிலும் நியாயம் இருந்தது. குமாஸ்தா வீட்டிலும் "புரியுது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர். ஒருநாள் அவள் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "வாங்கி எத்தனை மாசம் ஆகுதுங்க?" என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

நாய் வந்த அன்றே அவள் பேச்சு திரும்பிவிட்டது. மாலையில் அவள் தரையில் உட்கார்ந்து பேச, நாய் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நடுநடுவே சிரிப்புச் சத்தம் கேட்கும். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே குமாஸ்தாவுக்கு மறந்து போயிருந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்ன பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தால், பேச்சு நின்றுவிடும்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. நாங்க பேசிட்டிருக்கோம்."

பெயர் வைப்பதில் மட்டும் முடிவு ஏற்படவில்லை. அவள் "கண்ணு" என்றாள். அவர் "டேய்" என்றார். நாய் இரண்டு பெயருக்கும் சமமான மரியாதை கொடுத்தது. அதாவது, எதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கூப்பிட்ட உடனே வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வர்ற ஜாதி இல்ல இவன். தன்மானம் உள்ளவன்," என்றாள் அவள் பெருமையாக.

இந்த வாரம் வீட்டுக்கு வண்ணமடிக்க ஆள் வந்தார். நாய் வாலை வாளிக்குள் விட்டு, கூடத்துச் சுவரில் தன் பங்குக்கு ஒரு கை பார்த்தது. ஆகவேதான் குமாஸ்தா அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு நாள் என்றுதான் உத்தேசம்.

மறுநாள் நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அலுவலகம் திறப்பதற்கு முன்பே மீசைக்காரர் வாசலில் நின்றார். கூடவே அவருடைய நண்பர்கள் சிலர்.

"எங்க அவரு?"

"எவருங்க?"

"உங்க ஆபீசர். நேத்து என் புகாரைக் கேட்டவரு."

"அது நாய்ங்க."

"நேத்து இல்லைன்னீங்க?"

குமாஸ்தா "புரியுதுங்க" என்று ஆரம்பித்தார். "உங்களுக்கு ஒண்ணும் புரியல, நீங்க ஒதுங்குங்க!" என்றார்கள் நண்பர்கள். அதற்குள் தொலைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, பெயிண்டர் பாதிச் சுவர்ல நிறுத்திட்டு உக்காந்திருக்காரு. காலைலேர்ந்து நம்ம கண்ணுகிட்ட அவரோட காதல் கதைய சொல்லிட்டிருக்காரு. அந்தப் பொண்ணு வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டாங்களாம். இப்பதான் அந்த இடத்துக்கு வந்திருக்காரு. இன்னும் அழுது முடிக்கல. நான் வேலைக்குக் கிளம்பணும், வந்து கூட்டிட்டுப் போங்க."

"யாரை? பெயிண்டரையா?"

"ரெண்டு பேரையுமே கூட்டிட்டுப் போங்க!"

நாய் மறுபடி அலுவலகம் வந்தது. பெயிண்டரும் வந்தார்.

அன்றிலிருந்து புகார்ப் பிரிவில் கூட்டம் நெரிந்தது. மிஷின் வாங்கியவர்கள் வந்தார்கள், வாங்காதவர்களும் வந்தார்கள். கூட்டத்தைக் குறைக்க, "நாய்க்கு ஓய்வு நேரம்" என்று ஓர் அட்டையை எழுதி மாட்டினார் குமாஸ்தா. அதுவரை விஷயம் தெரியாமல் இருந்தவர்களும் அட்டையைப் படித்து, "ஓய்வு எப்ப முடியும்?" என்று கேட்டபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்ததாக, கம்பெனியின் மிஷினில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டுமே டோக்கன் என்று அறிவித்தார். இது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. மறுநாள் ஓர் அம்மாள் துண்டு துண்டான தண்ணீர்க் குழாயை மேஜை மேல் வைத்தார்.

"இது கத்தரியால வெட்டின மாதிரி இருக்குங்களே?"

"கத்தரிதான். வீட்ல வேற கத்தி இல்ல. டோக்கன் குடுங்க."

இன்னொருவர் மிஷின் கதவையே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷின்களெல்லாம் ஒரு வாரத்தில் கோளாறாகிவிட்டன. பழுது பார்க்கும் பையன்கள் இரவு பகலாக ஓடினார்கள். கிளையின் புகார் எண்ணிக்கை கம்பெனியின் சரித்திரத்திலேயே இல்லாத உயரத்துக்குப் போனது. அது மேலாளரின் கண்ணில் பட்டது.

மேலாளருக்கு அலுவலகத்தில் "இடி" என்று பெயர். அவர் "குட்மார்னிங்" சொன்னாலே பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள். அன்று அவர் குட்மார்னிங் சொல்லவில்லை.

"என்னய்யா நடக்குது இங்க! இது ஆபீசா, நாய்ப் பண்ணையா? ஒண்ணு அந்த நாய் இருக்கணும், இல்ல நீ இருக்கணும்! நாளைலேர்ந்து நீ குடோனுக்குப் போ! அட்டைப்பெட்டி எண்ணு!"

அலுவலகம் முழுவதும் எழுந்து நின்றது. தண்ணீர்க் குவளை மேஜை மேல் கிணுகிணுத்தது. குடோன் என்பது ஜன்னல் இல்லாத இடம். அங்கே போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

நாய் எழுந்து போய் மேலாளர் எதிரில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அவர் வாயைப் பார்த்தது.

"என்ன பாக்கற?" என்று இடித்தார் மேலாளர்.

நாய் பார்த்தது.

"உன்னைத்தான்! என்ன பாக்கற?" இந்த முறை பாதி இடிதான்.

நாயின் காது மடல்கூட அசையவில்லை. மேலாளரின் எதிரில் இப்படி அமைதியாக உட்கார்ந்த ஜீவன் இதற்கு முன் இருந்ததில்லை. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "இவனை என் ரூமுக்கு அனுப்பு. நான் தனியா விசாரிக்கணும்," என்றார்.

கதவு சாத்தப்பட்டது. வெகு நேரம் திறக்கவில்லை. உள்ளேயிருந்து முதலில் கத்தல் கேட்டது, பிறகு பேச்சு கேட்டது, பிறகு யாரோ தகரத்தை இழுப்பதுபோல் ஒரு சத்தம் நெடுநேரம் கேட்டது. மேலாளர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, முகம் மலர்ந்திருந்தது.

"யோவ், புரியுதுங்க," என்றார் மெதுவாக. அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. "எனக்குச் சின்ன வயசுல பாட்டுக்காரன் ஆகணும்னு ஆசை. நான் வாயைத் திறந்தா வீட்ல எல்லாரும் வெளிய போயிடுவாங்க. அந்தக் கோபத்துலதான்யா இத்தனை வருஷமாக் கத்திக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு இவன்கிட்ட ஒரு பாட்டு முழுசாப் பாடினேன். எழுந்து போகல! ரெண்டாவது பாட்டுக்கும் உக்காந்திருந்தான்!"

"சந்தோஷங்க. அப்ப குடோன்?"

"குடோனாவது ஒண்ணாவது. இவன் இனிமே என் ரூம்லதான் இருப்பான்."

வேலை தப்பியது. ஆனால் நாய் போய்விட்டது. காலையில் வந்ததும் மேலாளர் அறைக்குள் போகும் நாய், மாலையில் அவர் பாடி ஓய்ந்த பிறகுதான் வெளியே வரும். வீட்டுக்கு வந்ததும் அலுப்பில் நேராக மூலைக்குப் போய்ச் சுருண்டு தூங்கிவிடும். தரையில் உட்கார்ந்து காத்திருக்கும் மனைவி, "கண்ணு, கண்ணு," என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போவாள்.

ஒரு மாலை அவள் எழுந்து போகவில்லை. குமாஸ்தாவைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"புரியுது," என்றார் அவர் பழக்கத்தில்.

"இன்னும் சொல்லவே இல்லையே?"

அவர் செய்தித்தாளை இறக்கினார்.

"அடுத்த வாரம் நான் அக்கா வீட்டுக்குப் போறேன். டிக்கெட் எடுத்தாச்சு. எப்ப திரும்பி வருவேன்னு தெரியல. வருவேனான்னும் யோசிக்கணும். இதை மூணு தடவை உங்ககிட்ட சொல்லிட்டேன். மூணு தடவையும் ‘புரியுது’ன்னீங்க. நான் போறது நாய்க்குத் தெரியும், பெயிண்டருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

குமாஸ்தாவுக்கு வாய் "புரி" வரைக்கும் போய்விட்டது. அதைக் கடித்து நிறுத்தினார். என்ன செய்வது என்று தெரியாமல் மூலையைப் பார்த்தார். நாய் வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அது விழித்திருந்தால் இப்போது என்ன செய்யும்?

அவர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில், அவள் எதிரில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

"என்ன, கழுத்துல சுளுக்கா?"

அவர் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பயமுறுத்தாதீங்க."

அவர் தலையை மறுபக்கம் சாய்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்தது. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். பல் மருத்துவர் தன்னை ஒரு நாற்காலிபோல நடத்துவதைச் சொன்னாள். தனியாக ஒரு கடை போட வேண்டும் என்று பல காலமாக மனத்தில் வைத்திருப்பதைச் சொன்னாள். மூன்று பிறந்தநாளுக்குத் தொடர்ந்து குமாஸ்தா அதே நீல நிறத்தில் புடவை வாங்கிக் கொடுத்ததைச் சொன்னாள். அவருக்கு இடையில் பலமுறை வாய் துறுதுறுத்தது. "கடை வச்சா நஷ்டம் வரும்" என்று சொல்லலாம் போலிருந்தது. "கடைல அந்த நிறம்தான் இருந்துச்சு" என்று சொல்லலாம் போலிருந்தது. நாய் எதையும் சொல்லியிருக்காது. ஆகவே அவரும் சொல்லவில்லை.

முடித்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. "அக்கா வீட்டுக்குப் போறது போறதுதான்," என்றாள். "ஆனா திரும்பி வர்றதுக்கு ஒரு டிக்கெட் நீங்க எடுத்துடுங்க."

குமாஸ்தா எழுந்திருக்கப் பார்த்தார். கழுத்து திரும்பவில்லை. இப்போது நிஜமாகவே சுளுக்கிக்கொண்டுவிட்டது.

மறுநாள் அந்தச் சாய்ந்த கழுத்தோடுதான் மேஜைக்குப் போனார். நாய் மேலாளர் அறையில் இருந்ததால் கோபத்தோடு நின்ற கூட்டத்துக்கு அவரே கிடைத்தார். வேறு வழியில்லாமல் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டார். நிஜமாகவே கேட்டார். குழாய் வெட்டிய அம்மாள் பாதியில் நிறுத்தி, "இவரும் அவரு மாதிரியே கேக்கறாரு," என்று பின்னால் இருந்தவரிடம் சொன்னார். கழற்றிய கதவைத் தோளில் சுமந்துகொண்டிருந்தவர் வீட்டுக்குப் போய் அதை மாட்டிவிட்டார். சில நாட்களில் புகார்கள் மளமளவென்று சரிந்தன.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் தலைசுற்றிப் போய், தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மேடமே கிளம்பி வந்தார். கணக்கில் ஏதோ கோல்மால் என்பது அவர் எண்ணம். மேலாளர் அறைக் கதவைத் திறந்தார். மேலாளர் கண்ணை மூடி, கையை விரித்து, நாய்க்குப் பாடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரையும் வெளிய அனுப்புங்க," என்றார் மேடம். பிறகு நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது.

"ஒருத்தரை மட்டும் அனுப்புங்க," என்றார்.

மேலாளர் வெளியே வந்து குமாஸ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் நகத்தைக் கடித்தார்கள். மேடம் தன் இரண்டு தொலைபேசிகளையும் அணைத்துவிட்டார் என்று உளவு வந்தது. அதற்கு முன் அவை அணைந்ததாகச் சரித்திரம் இல்லை.

வெளியே வந்த மேடம், ஊழியர்கள் எல்லாரையும் கூடத்தில் தரையில் உட்காரச் சொன்னார். எதிரில் நாய்.

"இவரைப் பாருங்க," என்றார். "குறுக்க பேசறாரா? அறிவுரை சொல்றாரா? ‘எனக்கும் இப்படித்தான்’னு தன் கதைய எடுத்து விடறாரா? இல்ல. கேக்கறாரு. நாம வருஷா வருஷம் நட்சத்திர ஓட்டல்ல ஆள் வச்சுப் பயிற்சி நடத்தினோமே, அதுல ஒருத்தருக்காவது இது வந்துச்சா? இனிமே நம்ம எல்லாக் கிளைக்கும் இவர்தான் பயிற்சியாளர். கேட்கும் கலைத் தலைவர். சம்பளம், சாப்பாடு, கார் எல்லாம் உண்டு. கூட உதவியாளரா நம்ம..." குமாஸ்தாவைப் பார்த்தார். "அவர் கழுத்து ஏன் அப்படி இருக்கு?"

"பயிற்சி மேடம்," என்றார் மேலாளர்.

"பாத்தீங்களா! அதுதான் ஈடுபாடு. எல்லாரும் சாய்ங்க!"

அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் சாய்ந்தன. நாய் வரிசை வரிசையாக எல்லாரையும் பார்த்துவிட்டு, தன் தலையை நேராக வைத்துக்கொண்டது.

ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி இருந்தது. கம்பெனியில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் உடல் தகுதிச் சோதனை உண்டு. நாய்க்கும் அது வேண்டும் என்றது தலைமை அலுவலகம்.

மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், நான்கு பேருமாகக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். மனைவி நாயின் காலருக்கு மேல் ஒரு கைக்குட்டையைக் கட்டி அலங்கரித்திருந்தாள். மேலாளர் கோட்டு அணிந்து வந்திருந்தார். குமாஸ்தாவுக்குத்தான் ஒரு சந்தேகம்.

"நொண்டற காலைப் பாத்துட்டுத் தகுதி இல்லைன்னு சொல்லிட்டா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஓடறதுக்கா வேலைக்கு எடுக்கறோம்?" என்றார் மேலாளர். "கேக்கறதுக்குய்யா! அதுல இவனை மிஞ்ச ஆள் உண்டா?"

டாக்டர் வெளியே போயிருந்தார். அவருடைய உதவியாள் அம்மாள் பச்சை அங்கியைச் சுற்றிக்கொண்டு, எந்த நாயும் எந்த மனிதரும் தன்னை அசத்திவிட முடியாது என்ற முகத்தோடு வந்தார். "ஆடாத, இரு!" என்று அதட்டி நாயைத் தூக்கி மேஜையில் வைத்தார். பல்லைப் பார்த்தார், காலை அமுக்கினார், கண்ணில் விளக்கடித்தார், கையைத் தட்டினார், வாலைத் தூக்கினார்.

"கொஞ்சம் பதமா பேசுங்கம்மா," என்றாள் மனைவி. "எல்லாத்தையும் மனசுல வாங்கிக்கற பிள்ளை. என் குடும்பத்தையே சேர்த்து வச்சிருக்கான்."

"என் சங்கீதத்துக்கும் இவன்தான்," என்றார் மேலாளர்.

"கேக்கறதுன்னா என்னன்னு நான் இவன்கிட்டதான் கத்துக்கிட்டேன்," என்றார் குமாஸ்தா.

அந்த அம்மாள் மூவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஊசி எடுக்கத் திரும்பியவரின் முழங்கை பட்டு, அலமாரி ஓரத்தில் இருந்த பெரிய எவர்சில்வர் தட்டு, கத்தி, கத்தரி, கிண்ணங்கள் சகிதம் நாய்க்கு நேர் பின்னால் தரையில் விழுந்தது. மருத்துவமனையே அதிர்ந்தது. மனைவி "ஐயோ" என்று அலறினாள். குமாஸ்தாவின் கழுத்துச் சுளுக்கு படக்கென்று விட்டது. வெளியே காத்திருந்த நாய்கள், பூனைகள், ஒரு கிளி எல்லாமாகச் சேர்ந்து கூச்சல் போட்டன.

மேஜை மேலிருந்த நாய் மட்டும் அசையவில்லை. அமைதியாக மேலாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் மேலாளர் நெஞ்சை நிமிர்த்தி. "இதுதான் நிதானம்! எத்தனை பேருக்கு வரும் இந்தப் பக்குவம்?"

அந்த அம்மாள் குனிந்து கத்தரிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"பக்குவமாவது மண்ணாங்கட்டியாவது, பிறவியிலேயே ரெண்டு காதும் கேக்காத நாய் சார் இது!"